ஐந்தாம் மாடிக் காற்று

ஊர் முழுக்கக் குழாய்களில் கொதிநீர் வந்துவிட்டது. அனல் நிலையத்தின் புகைபோக்கி வெள்ளைப் புகையைக் கக்க ஆரம்பித்ததுமே சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எல்லா வீடுகளிலும் கோட்டுகளைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். முதல் வாசல்காரிகளும் இரண்டாம் வாசல்காரிகளும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஐயோ, என்ன புழுக்கம், என்ன புழுக்கம்!" என்று அலட்டிக்கொண்டார்கள்.

அதே கட்டடத்தின் மூன்றாம் வாசலில், அந்த ஒரு படிக்கட்டைச் சேர்ந்த ஐந்து மாடிகளிலும் மட்டும், குழாய்கள் பிணம்போலக் குளிர்ந்து கிடந்தன.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காரணம் ஐந்தாம் மாடியில், செத்துப்போன புருஷனின் ஆட்டுத்தோல் கோட்டைப் போர்த்திக்கொண்டு, பால் ஊற்றிய தேநீரை ஊதிக் குடித்தபடி உட்கார்ந்திருந்தது. அவள் பெயர் பகிலா.

கொதிநீர் நிலவறையிலிருந்து ஒரு குழாயில் ஏறும். மாடி மாடியாகச் சூடு கொடுத்துக்கொண்டே உச்சிக்கு வந்து, ஐந்தாம் மாடியில் வளைந்து, இன்னொரு குழாயில் இறங்கும். கோடையில் குழாய்களை வடித்துவிட்டு மறுபடி நிரப்பும்போது உள்ளே புகுந்த காற்றெல்லாம் உச்சி வளைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்திருக்கும் வரை தண்ணீர் நகராது. பகிலா வீட்டுச் சன்னலடியில் இருக்கும் இரும்பு ரேடியேட்டரின் ஓரத்தில் ஒரு பொடித் திருகு உண்டு. சாவி போட்டு அதைக் கொஞ்சம் திருப்பினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். தண்ணீர் வந்ததும் மூடிவிட வேண்டும். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகாத வேலை.

அந்த வேலையைத்தான் அவள் செய்யவில்லை. சாவி அவளுடைய மேலங்கிப் பையில் இருந்தது.

நிலவறையிலிருந்தே காற்றைத் தள்ள வழியில்லையா என்று குழாய்க்காரர் சப்பாரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் விளக்கைப் பிடித்து வடிகுழாயைப் பார்த்தார். துரு தின்று தின்று அது மரப்பட்டைபோல ஆகியிருந்தது. "இதைத் தொட்டேன்னா கையோட வந்துரும். அப்புறம் மூணாவது வாசல் மட்டுமில்ல, முழுக் கட்டடமும் குளிர்ல கிடக்கும். பனி உருகினப்புறம் மாத்தலாம். இப்போ மேல இருக்கிற அம்மாகிட்டப் போய்க் கெஞ்சுங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் கெஞ்ச வந்தவள் மூன்றாம் மாடி ல்யூபா. கொரியக்காரி. சந்தையில் காரக் கேரட்டும் ஊறவைத்த முட்டைக்கோசும் விற்பவள். ஒரு கிண்ணத்தைத் துணியால் மூடி எடுத்து வந்திருந்தாள்.

"அக்கா, கதவைத் திற. கேரட் கொண்டாந்திருக்கேன். கை விறைச்சதுல சீவினது கேரட்டா விரலான்னு எனக்கே தெரியல. பார்த்துத் தின்னு."

பகிலா சிரித்தாள். கதவைத் திறந்தாள். ல்யூபா நேராக ரேடியேட்டரிடம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"உன் வீடும் ஐஸ்தான். அவனைப் பழிவாங்க நீயும் சேர்ந்து விறைக்கணுமா?"

"நான் போன குளிர்காலத்திலேயே விறைச்சுட்டேன் ல்யூபா. இது எனக்குப் புதுசில்ல."

"நான் என்னக்கா பாவம் பண்ணினேன்? ராத்திரி ரெண்டு காலுறை, ரெண்டு பூனை. ஒரு பூனை என்னுதுகூட இல்ல."

"ரெண்டாம் மாடித் தொக்தார்கிட்டப் போய்ச் சொல்லு. அவன் இங்க வந்து, இந்த வாசப்படியில நின்னு, நீங்கள்லாம் கேக்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லட்டும். 'நான்தான் மூடினேன்'னு சொல்லட்டும். சொன்ன நிமிஷம் திறக்கிறேன்."

"அவன் சொல்லுவானா? சுரங்கத்துல ஐம்பது பேரை மேய்ச்ச வாய் அது."

"அப்போ ரெண்டு பூனையையும் கட்டிப் பிடிச்சுக்கோ."

நாலாம் மாடி ஹென்ரிக் திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தொத்திறைச்சிக் கடையில் வேலை பார்ப்பவன். வாய் சும்மா இருக்காது.

"பகிலா! என் வீட்டுக் கரப்பானெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு ரெண்டாம் வாசலுக்குக் குடிபோயிருச்சு. பத்து வருஷமா மருந்தடிச்சும் போகாத சனியன். அந்த வகையில உனக்கு நன்றி."

"நீயும் கூடவே போயிருக்கலாமே?"

"போனேன். அங்க என்னைவிடக் கரப்பானுக்குத்தான் மரியாதை."

சிரித்தார்கள். ஆனால் ஹென்ரிக் மாடியிறங்கும்போது சிரிப்பை விழுங்கிவிட்டு, "போதும் பகிலா, ஊருக்கெல்லாம் சேர்த்தா தண்டனை?" என்றான். 

அவளுக்கு மறக்க முடியாதது ஒன்றுதான்.

போன குளிர்காலம். முற்றத்தில் துப்பினால் தரையில் விழும்முன் உறைகிற குளிர். அவள் புருஷன் கப்தேனுக்கு நுரையீரல் பாதி நிலக்கரித் தூசி. முப்பது வருஷம் பூமிக்கடியில் உழைத்ததற்குச் சுரங்கம் கொடுத்த சொத்து அது. வீட்டில் சூடு இருந்தால் மூச்சு ஓடும். குளிர்ந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். அந்தத் தையில் திடீரென்று ஒருநாள் ரேடியேட்டர் குளிர்ந்தது. மறுநாளும் குளிர்ந்தே இருந்தது. மூன்றாம் வாசல் முழுக்க அப்படித்தான்.

இரண்டாம் மாடித் தொக்தார் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. கப்தேனின் குழுவில் சின்னப் பையனாகச் சேர்ந்து, பிறகு குழுத்தலைவனாகி, கடைசியில் கப்தேனுக்கே உத்தரவு போட்டவன். மனைவியை இழந்தவன். மகனுக்குக் கல்யாணம் முடித்த கையோடு வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் கேட்டபோது அவன் கையை விரித்துச் சொன்னான்:

"காத்து அடைச்சிருக்கு. மேல ஐந்தாம் மாடியில காத்தைத் திறந்துவிடத் தெரியல. கப்தேன் அண்ணனுக்கு வயசாச்சு, கை நடுங்குது. என்ன செய்யறது?"

எல்லோரும் நம்பினார்கள். கப்தேனும் நம்பினார். அதுதான் பகிலாவின் நெஞ்சில் ஆணியாக நிற்பது. காய்ச்சலோடு கட்டிலிலிருந்து இறங்கி, ரேடியேட்டர் முன் முழங்காலிட்டு, திருகைத் திருப்பிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். காற்றும் வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. "என் தப்புதான் போலிருக்கு பகிலா, எனக்குத்தான் சரியா திருப்ப வரல" என்பார். ஒரு வாரம்போல அப்படியே போனது. சூடு மறுபடி வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்து திரும்பவில்லை.

வசந்தத்தில் குழாய்களைப் பார்க்க வந்த சப்பார்தான், தொக்தார் வீட்டில் ஏறுகுழாயிலேயே புது வால்வு ஒன்று போட்டிருப்பதைப் பார்த்தார். சமையலறைத் தரைக்கடியில் சூட்டுக்குழாய் வளையம் பதித்து, மேலே சிமெண்டு பூசியிருந்தது. சிமெண்டு இறுகும்வரை தண்ணீரை நிறுத்தியிருக்க வேண்டும். "அந்த வால்வு போட்ட நாள்லேர்ந்து திறந்தேதான் இருக்கு" என்றான் தொக்தார். மூடியதைப் பார்த்தவர் யாருமில்லை.

இந்த வருஷம் கொதிநீர் விட்ட அன்று, பகிலா சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "போன வருஷம் காத்துன்னு சொன்னான் இல்லையா? இந்த வருஷம் நிஜமாவே காத்து."

தொக்தார் ஒரு மாலையில் மேலே வந்தான். கையில் காகிதம் சுற்றிய ஆட்டுத்தொடை. மூச்சிரைத்தது.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன். குளிருக்கு எதுவும் கெட்டுப்போறதில்ல பாரு."

"இந்தாங்க, கிராமத்துல வெட்டினது. சூப்பு வச்சுக் குடிங்க."

"கீழ வை."

வைத்தான். ல்யூபாவும் ஹென்ரிக்கும் அவரவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பது இருவருக்கும் தெரியும்.

"அண்ணி, பேரன் பொறந்திருக்கான். இன்னும் நாப்பது நாள் கழியல. மகன் மேற்கே எண்ணெய் வயல்ல மாசக்கணக்கா முறைவேலைக்குப் போயிருக்கான். வீட்டுல நானும் மருமகளும்தான். பச்சைப் புள்ள அண்ணி. காத்தைத் திறந்துவிடுங்க."

"காத்தா? எந்தக் காத்து?"

"பழசைக் கிளறாதீங்க."

"நான் கிளறல. நீ சொன்னதைத்தான் கேக்கறேன். கப்தேனுக்குத் திறக்கத் தெரியலன்னு சொன்னே. எனக்கு மட்டும் தெரியுமா? எனக்கும் வயசாச்சு. கை நடுங்குது."

அவன் முகம் சிவந்தது. "என்ன வேணும் உங்களுக்கு?"

"நாலு வார்த்தை."

"நான் எதையும் மூடல."

"அப்போ நானும் எதையும் மூடல. கதவைத் தவிர."

மூடினாள். ஆட்டுத்தொடை வெளியிலேயே கிடந்தது. காலையில் பார்த்தபோது காணோம். ஹென்ரிக் வீட்டிலிருந்து சூப்பு வாசனை வந்தது.

அதற்குப் பிறகு குளிர் இறுகியது. முதல் பனி விழுந்து, நிலக்கரிப் புகை படிந்து, அன்றே சாம்பல் நிறமானது. பகிலா ரொட்டி வாங்கிக்கொண்டு மாடியேறியபோது இரண்டாம் மாடியில் மூக்கைச் சுருக்கினாள். ரப்பர் கருகும் வாடை.

சுரங்கத்து விளக்கு அறையில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவள் அவள். பூமிக்கடியில் இறங்குகிறவர்களின் தலைவிளக்குகளுக்குச் சார்ஜ் ஏற்றி, கம்பியைச் சோதித்து, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுக்கும் வேலை. கம்பி கருகும் வாடையைத் தூக்கத்திலும் கண்டுபிடிப்பாள். மாடிப்படி ஓரத்துச் சுவர்ப்பெட்டியைத் திறந்தாள். தொக்தார் வீட்டுப் பியூஸில் பீங்கான் மூடிக்குள் தடிமனான செம்புக்கம்பி சுற்றியிருந்தது. அதிலிருந்து சுவருக்குள் போகும் பழைய அலுமினியக் கம்பியின் உறை உருகி வழிந்திருந்தது.

புரிந்துவிட்டது. உள்ளே 'ஆடு' எரிகிறது. கல்நார்க் குழாயின்மேல் காயில் கம்பியைச் சுற்றிக் கையால் செய்யும் மின்னடுப்பை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நான்கு காலில் நின்று நெருப்பாய்ச் சிவக்கும். அதற்கு இந்தச் சுவர்க்கம்பிகள் தாங்காது. பியூஸ் போய்க்கொண்டே இருக்கும். போகாமலிருக்கத்தான் தொக்தார் செம்பைச் சுற்றியிருக்கிறான். இனி பியூஸ் போகாது. வீடுதான் போகும்.

தலைத்துணியின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு பியூஸைத் திருகிக் கழற்றினாள். உள்ளே தொக்தாரின் குரல் கேட்டது. கதவு திறந்தது.

"நீங்களா! சூட்டைப் பிடுங்கினது போதாதா? இப்போ கரண்டுமா?"

"இது பியூஸ் இல்ல தொக்தார், கொள்ளிக்கட்டை. பெட்டியைத் தொட்டுப் பாரு, சுடுது. சுவருக்குள்ள தீப் பிடிச்சா யாரு அணைப்பா? அந்த ஆட்டைத் தூக்கிப் போடு. நல்ல பியூஸ் வாங்கி மாட்டு, விளக்கு எரியும்."

"புள்ள குளிர்ல கிடக்குது!"

"புள்ள இருக்கிற வீட்டுலதான் இப்படிக் கம்பி சுத்துவியா?"

"பேச்சை மாத்தாதீங்க. புள்ளைக்காகவா கழட்டினீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, புள்ளைக்காகவா?"

பகிலா நெஞ்சைத் தொடவில்லை. கம்பி கருகியது நிஜம். பியூஸைக் கழற்றும்போது விரல்நுனியில் ஓர் இனிப்பு ஏறியதும் நிஜம். அதைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினாள். முதுகுக்குப் பின்னால் அவன் கத்தினான்: "கடைக்குப் போகமாட்டேன்! இருட்டுலயே கிடப்போம்! பாவம் உங்களுக்கு!"

அன்று பிற்பகலே வானம் இருட்டிவிட்டது. பகிலா தேநீர் போடாமல், கோட்டுக்குள் கையை நுழைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குள் அந்தக் குழந்தை வந்துகொண்டே இருந்தது. அதை விரட்டக் கப்தேனைக் கூப்பிட்டாள். முழங்காலிட்டு, இரும்பில் காதை வைத்து, "என் தப்புதான்" என்று சொல்லும் கப்தேன். அவர் வந்ததும் மனசு மறுபடி கல்லானது.

கதவு தட்டும் ஓசை. தொக்தார் தட்டுவதுபோல் இல்லை. நகத்தால் சுரண்டுவதுபோல.

வாசலில் தொக்தாரின் மருமகள் அக்மரால் நின்றாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பில், மூன்று போர்வைக்குள், குழந்தை. நாற்பது கழியாத பிள்ளையை வீட்டு வாசற்படி தாண்டி எந்தத் தாயும் தூக்கி வரமாட்டாள். பகிலா பதறிப்போனாள்.

"என்ன பொண்ணே இது! புத்தி கெட்டுப்போச்சா? இந்தப் புள்ளையைப் படியேத்தித் தூக்கிட்டு வந்திருக்கே!"

"பெரியம்மா, அழக்கூட மாட்டேங்கறான். அழுதாத்தானே தெரியும்? கையைப் பாருங்க."

போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். குழந்தையின் விரல்கள் தண்ணீரில் கிடந்த வெள்ளரிப் பிஞ்சுபோல இருந்தன. கோட்டைக் கழற்றித் தாயையும் பிள்ளையையும் சேர்த்து மூடினாள். ஆனால் சாவிக்குக் கை போகவில்லை.

"உன் மாமனாரை அனுப்பு. நாலு வார்த்தை சொல்லட்டும். அவருக்குப் பேரனைவிட வாய் பெரிசா?"

"அவர் சொல்லமாட்டார் பெரியம்மா. எனக்குத் தெரியும். நான் சொல்றேன்."

"உனக்கென்ன தெரியும்?"

"நான்தான் டார்ச் பிடிச்சேன்." அக்மராலின் பற்கள் தந்தியடித்தன. "கல்யாணமாகி வந்த புதுசு. எங்க... எங்க வீட்டுப் பெரியவர் வால்வை மூடினப்போ நான்தான் பக்கத்துல நின்னேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் மேல உங்க வீட்டு இருமல் குழாய் வழியா எங்க சமையலறைக்குக் கேட்கும். நான் சொன்னேன், 'மாமா, மேல ஒருத்தருக்கு முடியல போலிருக்கு, திறந்துருங்க'ன்னு. 'சிமெண்டு இன்னும் காயல, தண்ணி கசிஞ்சா தரை போச்சு. மருமகள்னா வாயை மூடிட்டு இரு'ன்னார். மூடிட்டு இருந்தேன். ஊரெல்லாம் காத்துன்னு சொன்னப்பவும் மூடிட்டு இருந்தேன்."

 பகிலாவுக்கு இத்தனை நாள் தெரிந்ததுதான். இருந்தும், பார்த்தவள் வாயால் கேட்பது வேறு. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை இங்க என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா?" அவள் குரல் உடைந்திருந்தது. ஆனால் இரங்கவில்லை. "வீட்டுப் பெரியவர்னா யாரு? எந்த வீட்டுப் பெரியவர்? ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி கப்தேன் பேரைச் சொல்லிக் கேவலப்படுத்தினானே, அவன் பேரு என்ன?"

அக்மரால் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மாமனார் பெயரை மருமகள் வாயால் உச்சரிப்பது அங்கே நடக்காத காரியம். அதே பெயருள்ள தெருவைக்கூட வேறு பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மருமகளாக அவள் திரும்பி நுழைய முடியாது.

கீழே கதவு படாரென்று அடித்தது. "அக்மரால்! எங்க போனே? புள்ள எங்க?" தொக்தாரின் பூட்ஸ் ஓசை மாடியேறியது. ல்யூபாவின் கதவு திறந்தது. ஹென்ரிக்கின் கதவு திறந்தது.

அக்மரால் பிள்ளையைப் பகிலாவின் கையில் கொடுத்தாள். கைப்பிடிச் சுவருக்குப் போய்க் கீழே குனிந்தாள். நாலாம் மாடித் திருப்பத்தில் மாமனார் தலையை நிமிர்த்தி நின்றார்.

"தொக்தார்தான் மூடினார்!" என்று கத்தினாள். குரல் படிக்கட்டுக் கூண்டு முழுக்க மோதி எதிரொலித்தது. "கேட்டுக்கோங்க எல்லாரும்! காத்து இல்ல! கப்தேன் பெரியப்பாவுக்குக் கை நடுங்கல! தொக்தார் மூடினார்! தரை காயறதுக்காகத் தொக்தார் மூடினார்! நான் பார்த்தேன்!"

 ஹென்ரிக் தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். ல்யூபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பகிலா பிள்ளையோடு உள்ளே போனாள். ரேடியேட்டர் முன் முழங்காலிட்டாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் சாவி. திருப்பினாள். காற்று சீறியது. நாள்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்த காற்று. புகை நாற்றமும் துரு நாற்றமுமாக முகத்தில் அடித்தது. நெடுநேரம் சீறியது. பிறகு துப்பியது. கறுத்த தண்ணீர் அடியில் வைத்திருந்த வாளியில் தெறித்து, இருமி, நின்று, மறுபடி தெறித்து, கடைசியில் நூல்போல ஓடியது. மூடினாள். இரும்புக்குள் எங்கோ ஆழத்தில் தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது.

வாசலுக்குத் திரும்பினாள். தொக்தார் அங்கேயே நின்றான். ஆளே பாதியாகியிருந்தான். ஆனால் வாய் அடங்கவில்லை.

"மாமனார் பேரைச் சொல்ற மருமகள் எனக்கு வேண்டாம். புள்ளையைக் கொடுத்துட்டு எங்கேயாவது போ!"

"நான் புள்ளையோடதான் இருப்பேன்" என்றாள் அக்மரால். "அவங்க அப்பா வர்றவரைக்கும் இங்கதான்."

"அப்படியா? நல்லது! இப்பவே போய் வால்வை மூடறேன். என் வீட்டுக் குழாய், என் வால்வு! மேல இருக்கிற அத்தனை பேரும் விறைச்சுச் சாவுங்க!"

பகிலா கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து நின்றாள். அவள் குரல் உயரவேயில்லை.

"மூடு தொக்தார். தாராளமா மூடு. இந்தக் குழாயோட நுனியில இனி கப்தேன் இல்ல. உன் பேரன் தூங்கறான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.   ஹென்ரிக்கைப் பார்த்தான். ஹென்ரிக் கதவைச் சாத்திக்கொண்டான். ல்யூபாவைப் பார்த்தான். அவளும் சாத்திக்கொண்டாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான்.

பகிலா கட்டிலை இழுத்து ரேடியேட்டர் ஓரமாகப் போட்டாள். கப்தேன் கடைசியாகப் படுத்திருந்த கட்டில். அதில் பிள்ளையைக் கிடத்தினாள். குழந்தை முகம் சுளித்து, மெல்லச் சிணுங்கி, பிறகு வீறிட்டு அழுதது. அழுகை கேட்டதும் அக்மராலும் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"பெரியம்மா, நிஜமாவே மூடிருவாரா?"

பகிலா இரண்டாம் மாடியிலிருந்து ஏறிவரும் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கையை எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சூடு.